விந்தணுவுக்கு உணவூட்டுவது யார்?

சில மாதங்களுக்கு முன், புறநோயாளர் நேரம் முடியும் தறுவாயில் ஓர் இணையர் என் அறைக்கு வந்தனர். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவி கொண்டுவந்த கோப்பு தடித்திருந்தது. அவருக்குச் செய்யாத பரிசோதனை இல்லை. குறை ஏதும் இல்லை என்றே எல்லா அறிக்கைகளும் கூறின. கணவர் கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். நான்கு ஆண்டுகளில் அவர் முதன்முறையாகச் செய்துகொண்ட விந்துப் பரிசோதனையின் அறிக்கை அது. விந்தணு எண்ணிக்கைக்கு நேரே பூஜ்யம் என்று அச்சாகியிருந்தது.

அவர் ஒரு துணிப்பையைத் திறந்து ஏழு டப்பாக்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். துத்தநாகம், கார்னிடைன், செலினியம், பலவகை வைட்டமின்கள். "ஒரு வருஷமா ஒருநாள் விடாம சாப்பிடறேன் டாக்டர். அப்புறம் எப்படி இப்படி?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பலர் கேட்கின்றனர். அவர்கள் எல்லோருக்குமாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த இணையரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்ன ஒரு செய்தியைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுகிறேன்.

கல்யாண வீட்டு உக்கிராண அறையில் அரிசி மூட்டை மூட்டையாக இருக்கலாம். பரிமாற ஆள் இல்லையெனில் பந்தியில் அமர்ந்தவர் பசியோடுதான் எழ வேண்டும். சத்து நம் உடலுக்குள் போவது ஒன்று. அது விந்தணுவைச் சென்றடைவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே பல வாயில்கள் உள்ளன. அவ்வாயில்களைத் திறப்பதும் மூடுவதும் ஹார்மோன்களின் வேலை.

மதிலுக்குள் வளரும் அணுக்கள்

பேச்சுவழக்கில் விதை என்று சொல்லப்படும் விந்தகத்தினுள் நூலினும் மெல்லிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அக்குழல்களின் உட்சுவரில் விந்தணுக்கள் படிப்படியாக உருவாகின்றன. தொடக்க நிலையில் உள்ள ஓர் அணு முழு விந்தணுவாக மாறச் சுமார் 74 நாட்கள் ஆகும்.

விந்தணுக்கள் பருவமடைந்த பின்னரே உருவாகத் தொடங்குகின்றன. நம் நோய் எதிர்ப்பு மண்டலமோ அதற்கு வெகு காலம் முன்பே தன்னவை எவை, அந்நியமானவை எவை என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. பின்னர் வந்த விந்தணுவை அது பகையாகக் கருதித் தாக்கக்கூடும். இதைத் தடுக்கவே இயற்கை, இரத்தத்துக்கும் வளரும் விந்தணுக்களுக்கும் இடையே ஒரு மதிலைக் கட்டியிருக்கிறது. குழலின் சுவரில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் செர்ட்டோலி செல்களே அந்த மதில். 1865ஆம் ஆண்டு இச்செல்களை விவரித்த இத்தாலிய அறிஞர் என்ரிகோ செர்ட்டோலியின் பெயரையே அவை தாங்கி நிற்கின்றன.

மதில் பாதுகாப்பைத் தருகிறது. அதுவே சிக்கலையும் உண்டாக்குகிறது. இரத்தத்தில் ஓடும் சத்துகள் மதிலைத் தாண்டித் தாமாக உள்ளே போக முடியாது. எனவே செர்ட்டோலி செல்களே செவிலித்தாயாகவும் இருக்கின்றன. அவை இரத்தத்திலிருந்து வரும் சர்க்கரையாகிய குளுக்கோஸைத் தம் மேற்பரப்பிலுள்ள கடத்திப் புரதங்கள் வழியாக உள்ளிழுக்கின்றன. அதை அப்படியே கொடுத்துவிடுவதில்லை. வளர்ந்துவரும் நிலையிலுள்ள விந்தணுக்கள் குளுக்கோஸை நன்கு பயன்படுத்த இயலாதவை. ஆகவே செர்ட்டோலி செல் குளுக்கோஸை லாக்டேட் என்னும் பொருளாக மாற்றி, வேறொரு கடத்தி வழியே அவற்றுக்கு ஊட்டுகிறது. கைக்குழந்தைக்குச் சோற்றைக் குழைத்துப் பிசைந்து ஊட்டுவதைப் போன்றது இது. இரும்புச் சத்தும் இப்படித்தான் போகிறது. அதைச் சுமந்து செல்ல டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்தைச் செர்ட்டோலி செல்களே தயாரிக்கின்றன. வைட்டமின் ஏ சத்தும் அவற்றின் துணையோடுதான் உரிய வடிவம் பெற்று விந்தணுவின் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது.

ஆணையிடும் ஹார்மோன்கள்

செர்ட்டோலி செல்கள் தம் விருப்பப்படி இவ்வேலையைச் செய்வதில்லை. மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் அனுப்புகிறது. ஒன்று எஃப்.எஸ்.எச். அது செர்ட்டோலி செல்லை நேரடியாகத் தூண்டுகிறது. குளுக்கோஸ் உள்ளே வருவதும், லாக்டேட் உற்பத்தியாவதும், டிரான்ஸ்ஃபெரின் சுரப்பதும் அதனால் மிகுகின்றன. மற்றொன்று எல்.எச். அது குழல்களுக்கு இடையில் அமர்ந்துள்ள லேடிக் செல்களிடம் போய் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கச் செய்கிறது. அந்த டெஸ்டோஸ்டீரோன் அருகிலேயே உள்ள செர்ட்டோலி செல்களை நனைத்து, மதில் உறுதியாக நிற்கவும் விந்தணு முழு வளர்ச்சி பெறவும் துணைபுரிகிறது. இன்சுலினும் இதில் பங்குகொள்கிறது. சர்க்கரையைப் பயன்படுத்தும் வேலையில் செர்ட்டோலி செல்களுக்கு அதன் தூண்டுதல் தேவை. நீரிழிவைக் கட்டுக்குள் வைக்குமாறு நாங்கள் வற்புறுத்துவதற்குக் கண்ணும் சிறுநீரகமும் மட்டும் காரணமல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். விந்தகத்துக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டீரோனின் அடர்த்தி, இரத்தத்தில் இருப்பதைப் போல் பல பத்து மடங்கு அதிகம். அந்த உயர்ந்த அளவு இருந்தால்தான் விந்தணு உருவாகும். இரத்தப் பரிசோதனையில் தெரியும் அளவு வேறு. விந்தகத்துக்குள் நிலவும் அளவு வேறு.

ஆறு மீட்டர் பயணம்

விந்தகத்தை விட்டு வெளியேறும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. அது ஒரு நீர்மத்தில் மிதந்தபடி சிறு நாளங்கள் வழியாக எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழலை அடைகிறது. போகும் வழியில் அந்த நீர்மத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, மீண்டும் உறிஞ்சப்படுகிறது. இதை நெறிப்படுத்துவது பெண்களின் ஹார்மோன் என்று நாம் நினைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1997இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதம் இல்லாத ஆண் எலிகளில் நீர்மம் உறிஞ்சப்படாமல் தேங்கி, விந்தகமே பழுதடைந்து, அவை மலடாயின. ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று நாம் கோடு கிழித்துப் பிரிக்கிறோம்; உடல் அப்படிப் பிரிப்பதில்லை. தேவை, சரியான அளவு மட்டுமே.

எபிடிடிமிஸை நீட்டி அளந்தால் சுமார் 6 மீட்டர் நீளம் வரும். அதைக் கடக்க விந்தணுவுக்குச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். இப்பயணத்தில்தான் அது நீந்தும் ஆற்றலைப் பெறுகிறது. கார்னிடைன் என்னும் சத்து இங்கேதான் முக்கியமாகிறது. கொழுப்பை எரித்து ஆற்றலாக்க உதவும் இச்சத்தை எபிடிடிமிஸ் தானே தயாரிப்பதில்லை. நம் உணவிலிருந்து கிடைப்பதும், கல்லீரலும் சிறுநீரகமும் ஆக்குவதும் இரத்தத்தில் வருகின்றன. எபிடிடிமிஸின் சுவரிலுள்ள கடத்திகள் அதை இழுத்து, இரத்தத்தில் உள்ளதைப் போல் பல நூறு மடங்கு அடர்த்தியில் உள்ளே சேர்த்து வைக்கின்றன. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றம் இறைப்பது போன்ற கடின வேலை இது. ஆண்மை ஹார்மோன் குறைந்தால் இந்த ஏற்றம் தளர்ந்துவிடுகிறது. எபிடிடிமிஸில் கார்னிடைன் குறைந்துபோகிறது. விலங்குகளில் இது தெளிவாக நிறுவப்பட்டுள்ளது.

கட்டுச்சோறு

நெடும்பயணம் போகிறவருக்குக் கட்டுச்சோறு வேண்டும். விந்தணுவுக்கு அதைக் கட்டித் தருபவை விந்துப்பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும்.

விந்துநீரின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளிலிருந்து வருவது. அதில் பழங்களில் இருக்கும் ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய தாடியஸ் மான் என்ற உயிர்வேதியியல் அறிஞர் 1940களில் இதைக் கண்டறிந்தார். விந்துப்பைகள் இரத்தத்துக் குளுக்கோஸைப் பெற்று ஃபிரக்டோஸாக மாற்றுகின்றன. விந்தகங்களை அகற்றிய விலங்குகளில் ஃபிரக்டோஸ் மறைந்துபோவதையும், டெஸ்டோஸ்டீரோன் கொடுத்ததும் அது திரும்புவதையும் மானும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர்.

இந்த அறிவு இன்றும் நமக்குப் பயன்படுகிறது. விந்துநீரின் அளவு மிகக் குறைந்து, விந்தணுவும் இல்லாமல், ஃபிரக்டோஸும் இல்லாதிருந்தால், விந்துநாளம் பிறவியிலேயே உருவாகாமல் போயிருக்கலாம் அல்லது வெளியேறும் வழியில் அடைப்பு இருக்கலாம் என்று ஐயுறுகிறோம். விந்தணு உற்பத்தி நடந்துகொண்டிருக்க, வழி மட்டும் அடைபட்டிருக்கலாம். அத்தகையவருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை முற்றிலும் வேறு. எனவே அறிக்கையில் ஃபிரக்டோஸ் என்ற சொல்லைக் கண்டால் அது நீரிழிவைக் குறிப்பதாக எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

புரோஸ்டேட் சுரப்பி துத்தநாகத்தைச் சேர்த்து வைப்பதில் வல்லது. அது துத்தநாகத்தை இரத்தத்திலிருந்து கடத்திகள் வழியே இழுத்துச் சேமிக்கிறது. அதன் விளைவாகச் சிட்ரேட் என்னும் பொருள் எரிந்துபோகாமல் தேங்கி விந்துநீரில் கலக்கிறது. டெஸ்டோஸ்டீரோனும் புரோலாக்டினும் இவ்வேலையை நடத்துகின்றன. புரோஸ்டேட் புற்றுநோயில் செல்கள் துத்தநாகத்தைச் சேர்க்கும் இப்பண்பை இழந்துவிடுகின்றன.

அப்படியானால் மாத்திரை போதாதா?

துத்தநாகமும் கார்னிடைனும் விந்துநீரில் உள்ளன என்பது உண்மை. ஆகவே அவற்றை விழுங்கினால் விந்தணு பெருகும் என்பது அதிலிருந்து தானாகவே வரும் முடிவல்ல. உணவில் உண்மையான பற்றாக்குறை இருப்பவருக்கு அதைச் சரிசெய்வது நன்மை தரும். பற்றாக்குறை இல்லாதவருக்கோ, வாயில் மூடியிருப்பவருக்கோ, உக்கிராணத்தில் மேலும் ஒரு மூட்டை சேர்வதே மிச்சம்.

இது குறித்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் வெளியாயிற்று. கருத்தரிப்புக்கான சிகிச்சையை நாடிய 2,370 இணையர் அதில் பங்கேற்றனர். ஆண்களில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் தரப்பட்டன. மறு பாதியினருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. விந்துநீரின் தரத்திலும் சரி, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சத்து மாத்திரை உட்கொண்டவர்களுக்கு வயிற்று உபாதைகள்தாம் சற்று மிகுந்தன.

மாத்திரைகளையே நம்பி ஓராண்டைக் கழிப்பதில் பணம் போவது மட்டுமல்ல. மனைவியின் வயதும் கூடிக்கொண்டே போகிறது. அந்த ஓராண்டு திரும்பி வராது.

ஊசியின் கதை

இனி, அந்த இணையரிடம் திரும்புவோம். டப்பாக்களைப் பார்த்துவிட்டு, வேறு ஏதேனும் மருந்து எடுத்ததுண்டா என்று கேட்டேன். கணவர் இல்லை என்றார். மனைவி அவரைப் பார்த்தார். "அதைச் சொல்லிடுங்க" என்றார் மெதுவாக.

உடற்பயிற்சிக் கூடத்தில் தெரிந்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு ஆண்டுகளாக அவர் டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுவந்திருக்கிறார். தோள்கள் திரண்டிருந்தன, குரலிலும் நடையிலும் தன்னம்பிக்கை இருந்தது. ஆண்மைக்கான மருந்து பிள்ளைப்பேற்றுக்குக் கேடாக முடியும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

நடந்தது இதுதான். ஊசி வழியே வந்த டெஸ்டோஸ்டீரோன் இரத்தத்தில் மிகுந்ததும், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை கணித்துவிட்டது. பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டையும் நிறுத்தியது. லேடிக் செல்கள் ஓய்ந்தன. விந்தகத்துக்குள் இருக்க வேண்டிய உயர்ந்த அளவு சரிந்தது. எஃப்.எஸ்.எச்.சின் ஆணை இல்லாமல் செர்ட்டோலி செல்களின் ஊட்டும் பணியும் தளர்ந்தது. இரத்தத்தில் ஹார்மோன் நிரம்பியிருக்க, விந்தகத்துக்குள் வறட்சி.

இந்த விளைவு எவ்வளவு உறுதியானதென்றால், ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே இதை உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் 271 ஆண்களுக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடப்பட்டது. அவர்களில் 157 பேருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யமாயிற்று. ஊசியை நிறுத்திய பின் சில மாதங்களில் விந்தணுக்கள் திரும்பின என்பது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் ஆய்வில் அளவோடு தரப்பட்ட மருந்து வேறு. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்து, அளவின்றிப் பல ஆண்டுகள் போட்டுக்கொள்வது வேறு. அத்தகையவர்களுக்கு மீட்சி ஓராண்டுக்கு மேலும் நீளலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

ஆணை வராததுதான் குறை என்றால், அந்த ஆணையை வெளியிலிருந்து கொடுக்கவும் முடியும். பிட்யூட்டரியிலிருந்து இவ்விரு ஹார்மோன்களும் வராமல் பிறக்கும் சிலர் உள்ளனர். அவர்களுக்குப் பருவமாற்றம் தாமதமாகும். சிலருக்கு மணம் நுகரும் திறனும் இராது. இதைக் கால்மன் நோய்க்குறி என்கிறோம். எல்.எச்.சைப் போல் செயல்படும் எச்.சி.ஜி. ஊசியையும் எஃப்.எஸ்.எச். ஊசியையும் பல மாதங்கள் தொடர்ந்து தரும்போது, ஒருநாளும் விந்தணு உருவாகாத அவர்களில் பலருக்கு விந்தணு தோன்றுகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகலாம். பொறுமைக்குப் பலன் கிடைக்கும் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

நோயாளிகளும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவை

குழந்தைப்பேறு தள்ளிப்போகும் இணையரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆகவே இருவரும் ஒரே சமயத்தில் பரிசோதனைக்கு வாருங்கள். விந்துப் பரிசோதனையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மருமகளைப் பல மருத்துவர்களிடம் அழைத்துச் செல்லும் பெரியவர்கள், மகனையும் ஒருமுறை அழைத்துவர வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேற்றாமல் இருக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஓர் அறிக்கையை மட்டும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். காய்ச்சல் வந்து போன சில வாரங்களிலும் எண்ணிக்கை குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு குறிப்பிடும் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளல்ல. அதற்கு மேல் இருந்தால் உறுதி என்றும் பொருளல்ல.

சிகிச்சையோ வாழ்க்கைமுறை மாற்றமோ எதுவாயினும் அதன் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இன்று உருவாகத் தொடங்கும் விந்தணு 74 நாட்கள் வளர்ந்து, பிறகு ஆறு மீட்டர் கடந்து வர வேண்டுமல்லவா? இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

உடற்பருமன் மிகும்போது கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பிட்யூட்டரியின் ஆணையும் அதனால் குறைகிறது. எடையைக் குறைத்தல், நீரிழிவைக் கட்டுப்படுத்தல், புகையை விடுதல் ஆகியவை எந்த டப்பா மாத்திரையையும்விட நம்பத்தக்கவை.

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், பிறர் சொல்லிப் போட்டுக்கொண்ட ஊசிகள் உட்பட, மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள நாங்கள் கேட்பதில்லை. அந்த ஒரு விடையால் பல மாத அலைச்சல் மிச்சமாகலாம். குறைபாட்டுக்காக மருத்துவரே டெஸ்டோஸ்டீரோன் எழுதித் தந்திருந்தாலும், பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை அவரிடம் தெரிவியுங்கள். வேறு வழிகள் உள்ளன. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

புற்றுநோய்க்கு வேதிமருந்தோ கதிர்வீச்சோ தொடங்கவிருக்கும் இளைஞர்கள், சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைப்பது பற்றிக் கேளுங்கள். அந்தப் பரபரப்பில் நோயாளிக்கு இது நினைவுக்கு வராது. உடன் இருப்பவர்தாம் கேட்க வேண்டும்.

அந்த இணையர் ஒன்பது மாதம் கழித்து மீண்டும் வந்தனர். ஊசியை அவர் அன்றே நிறுத்தியிருந்தார். நிறுத்திய முதல் சில மாதங்கள் கடினமாக இருந்தன. உடல் சோர்ந்தது, மனமும் சோர்ந்தது, கட்டிய தசை தளர்ந்தது. மனைவி உடன் நின்றார். புதிய அறிக்கையில் மில்லிலிட்டருக்கு 90 லட்சம் விந்தணுக்கள் இருந்தன. எல்லைக்குக் குறைவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை.

இன்னும் அவர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக்கொண்டு எழுந்தபோது கணவர் கேட்டார்: "அந்த மாத்திரைங்களை என்ன பண்றது டாக்டர்?" மீதமிருந்தவற்றில் அவருக்குத் தேவையானது எதுவும் இல்லை என்றேன். மூன்று வேளையும் வீட்டில் சமைத்ததை நேரத்துக்கு உண்ணச் சொல்லி அனுப்பினேன்.